செவ்வாய்க்கிழமைச் செய்தியை நம்பி லோன் எடுக்கலாமா?

கேள்வி: நான் தலவாக்கலை பக்கம் ஒரு தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறேன், வயது 34. வீட்டுக்காரர் கொழும்பில் கடையில் நிற்கிறார். பிள்ளைகள் இரண்டு. 2021இல் நாளுக்கு ஆயிரம் ரூபா சம்பளம் வந்தபோது டிவியும் அலுமாரியும் தவணைக்கு எடுத்தோம், அது கட்டி முடிந்துவிட்டது. 2024 மே மாதம் 1,700 என்று சொன்னதும் 60,000 கடன் வாங்கிக் கூரைக்குத் தகரம் போட்டேன். தவணை கட்ட முடியாமல் அம்மா போட்ட ஒன்றரைப் பவுன் சங்கிலியை 90,000க்கு அடகு வைத்தேன், இன்னும் மீட்கவில்லை. 2025 நவம்பரில் 1,750 என்று பட்ஜெட்டில் சொன்ன கையோடு குழுக்கடனில் ஒரு இலட்சம் எடுத்தேன். அதில் 75,000 கொழுந்தனுக்கு, த்ரீவீலருக்காக. கிழமைக்கு 2,500 வீதம் 52 கிழமை, 14 கிழமை நான்தான் கட்டியிருக்கிறேன். டித்வா புயலில் நாங்கள் இருக்கிற லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீட்டுக்கு) பின்னால் மண் சரிந்தது, இனி இங்கே இருக்க வேண்டாம் என்று பார்க்க வந்தவர்கள் சொல்லிவிட்டார்கள். இப்போது கொழுந்தன், "வீட்டுக்கு 50 இலட்சம் வரப்போகுது, சம்பளமும் கூடிட்டு, உங்க பேர்ல 3 இலட்சம் எடுத்துத் தாங்க அண்ணி, வீட்டுக் காசு வந்ததும் அடைச்சிரலாம்" என்கிறார். வீடு துப்புரவு செய்யக் கிடைத்த 25,000ஐயும் ஏதோ ஆப்பில் போட்டால் நாளுக்கு ஆயிரம் வருமாம். மாமியும் அவர் பக்கம்தான் பேசுகிறார். எடுக்கலாமா?

பதில்: எடுக்க வேண்டாம் தங்கச்சி. இதைச் சொல்ல ஒரு பதில் எழுதவே தேவையில்லை, உங்களுக்கே தெரிந்துதான் கேட்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். சிக்கனமாக இருங்கள், சீட்டுப் போடுங்கள் என்றெல்லாம் நான் சொல்லப்போவதும் இல்லை. லயக் காம்பராவில் இருந்துகொண்டு இரண்டு பிள்ளைகளைப் படிக்கவைக்கிற ஒருவருக்குச் சிக்கனம் சொல்லித்தர நான் யார்?

ஆனால் உங்கள் கடிதத்தை இரண்டாம் தரம் வாசித்தபோது ஒன்று கண்ணில் பட்டது. 2021, 2024, 2025 என்று மூன்று கடன். மூன்றும் பிள்ளைக்குச் சுகமில்லை என்றோ, கல்யாணம் என்றோ எடுத்தவை அல்ல. ஒவ்வொன்றும் ஒரு அறிவிப்புக்குப் பின்னால் எடுத்தது. இப்போது கேட்கிற நாலாவது கடனும் அப்படித்தான். மேலிடத்தில் ஒன்றைத் தீர்மானித்தால் இங்கே உங்கள் வீட்டில் ஒரு லோன் பிறக்கிறது. உங்களுக்குப் பிரச்சினை வட்டியோ கொழுந்தனோ மட்டும் இல்லை, இந்தப் பழக்கம்தான்.

அமைச்சரவை முடிவுகளைப் பெரும்பாலும் செவ்வாய்க்கிழமைதான் ஊடகங்களுக்குச் சொல்வார்கள். உங்கள் பக்கம் எப்படியோ தெரியாது, நான் ஹட்டன் பக்கம் ஒரு கிளையில் கடன் பகுதியில் இருந்த காலத்தில் பல தோட்டங்களில் குழுக்கடன் வசூலும் செவ்வாய்க்கிழமைதான். மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்குப் பக்கத்தில் பைக்கை நிறுத்திவிட்டு, கொப்பியைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி வைத்துக்கொண்டு நிற்பார் லோன்காரர். செய்தி வந்த நாளும் கட்ட வேண்டிய நாளும் ஒன்று. கட்டுகிற காசு மட்டும் அந்தச் செய்தியில் இருந்து வராது.

2020 ஜனவரியில் நடந்ததை மறக்க மாட்டேன். மார்ச் 1 முதல் 1,000 ரூபா என்று அறிவித்தார்கள். அடுத்த இரண்டு கிழமையில் ஃபிரிட்ஜுக்கும் டிவிக்கும் லோன் கேட்டு வந்தவர்களின் எண்ணிக்கையை நான் என் மேசையில் இருந்து பார்த்தேன். மார்ச் வந்தது, ஆயிரம் வரவில்லை. சம்பள நிர்ணய சபை ஊடாக வர்த்தமானியில் வந்தது 2021 மார்ச்சில், அதுவும் 900 அடிப்படை, 100 கொடுப்பனவு என்று. இடையில் ஒரு வருஷம், கொரோனாவும் சேர்த்து. ஃபிரிட்ஜ் தவணை அதுவரைக்கும் காத்திருக்குமா?

2024 கதை உங்களுக்கே நடந்தது. ஏப்ரல் 30 வர்த்தமானி, மறுநாள் கொட்டகலை மே தின மேடையில் 1,700. தோட்டக் கம்பெனிகள் கோர்ட்டுக்குப் போனார்கள், ஜூலையில் உச்ச நீதிமன்றம் இடைக்காலத் தடை கொடுத்தது. செப்டெம்பரில் வந்து நின்றது 1,350. நீங்கள் 1,700ஐ நம்பித் தகரம் வாங்கினீர்கள், 1,350ஐ வைத்துக் கட்ட வேண்டியதாயிற்று, நடுவில் இருந்த பள்ளத்தைச் சங்கிலி நிரப்பியது.

இதில் யாரையும் திட்டுவதற்கு ஒன்றும் இல்லை. 2019இல் அடிப்படை 700 ஆக இருந்த நாட்சம்பளம் இன்று எங்கே இருக்கிறது என்று பாருங்கள், அந்த முடிவுகள் இல்லாவிட்டால் அது நடந்திருக்காது. ஆனால் ஒரு தீர்மானம் உங்கள் பேங்க் புத்தகத்துக்கு வர எத்தனை மேசை தாண்ட வேண்டும்! சம்பளத்தைத் தருவது அரசாங்கம் இல்லை, கம்பெனி. அமைச்சரவை விரும்பினாலும் சம்பள நிர்ணய சபை கூட வேண்டும், ஆட்சேபம் சொல்ல அவகாசம் கொடுக்க வேண்டும், வர்த்தமானி வர வேண்டும், கோர்ட்டுக்குப் போகாமல் இருக்க வேண்டும். கடைசியில் கணக்கப்பிள்ளை செக்ரோலில் (வருகைப் பதிவில்) உங்களுக்கு முழுப்பேரு, அதாவது முழு நாள் வேலைக் கணக்கு, போட வேண்டும். எடுத்த கொழுந்து கிலோ குறைந்து அரைப்பேரு விழுந்தால் மேலே எத்தனை ரூபா கூட்டியிருந்தாலும் அன்றைக்கு உங்களுக்குப் பாதிதான். 

வீடுகளும் இப்படித்தான். 2017 மே மாதம் இந்தியப் பிரதமர் நோர்வூட்டுக்கு வந்து மேலதிகமாக 10,000 வீடு என்றார். அந்த 10,000இல் முதல் கட்டத்துக்கு அடிக்கல் வைத்தது 2024 பெப்ரவரியில். ஏழு வருஷம். அன்றைக்கு வீடு வருகிறது என்று கட்டில் மெத்தை தவணைக்கு எடுத்தவர் அதை மூன்று தரம் மாற்றியிருப்பார்.

சரி, இப்போது கணக்கு. 1,350இல் இருந்து 1,750 என்பது நாளுக்கு 400 கூடுதல். அதில் 200 கம்பெனி தரும் சம்பளம், மற்ற 200 அரசாங்கம் தரும் வருகைக் கொடுப்பனவு. மாதம் 20 பேரு விழுகிறது என்று வைப்போம். 400 தடவை 20, 8,000. சம்பளப் பகுதியில் ஊழியர் சேமலாப நிதிக்கு 8 வீதம் பிடித்தால் 320 போகும். மிச்சம் 7,680. இவ்வளவுதான் உங்களுக்குக் கூடியது.

குழுக்கடன் கிழமைக்கு 2,500. மாதத்துக்கு நாலு கிழமை என்று நினைக்காதீர்கள், 52 கிழமையை 12ஆல் வகுத்தால் மாதம் 10,800க்கு மேல் வரும். அதாவது கூடிய சம்பளத்தை அது கைக்கு வருவதற்கு முன்னமே முழுதாகக் கொடுத்துவிட்டு, பழைய சம்பளத்தில் இருந்தும் மாதம் 3,000க்கு மேல் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். சம்பள உயர்வால் உங்கள் வீடு ஏழையாகியிருக்கிறது!

வட்டியும் சொல்லிவிடுகிறேன். ஒரு இலட்சத்துக்கு 1,30,000 கட்டுகிறீர்கள். 30 வீதம்தானே என்பார்கள். ஆனால் ஒரு இலட்சமும் வருஷம் முழுக்க உங்கள் கையில் இல்லையே, கிழமைக்குக் கிழமை குறைகிறது. சராசரியாகப் பார்த்தால் 50,000 சொச்சத்தைத்தான் நீங்கள் வைத்திருந்தீர்கள், அதற்கு 30,000 வட்டி. கிட்டத்தட்ட 60 வீதம்.

இதே மாதிரி 3 இலட்சம் எடுத்தால் கிழமைக்கு 7,500. பழையதும் சேர்த்து மாதம் 43,000 தாண்டும். உங்கள் முழுச் சம்பளம், அந்த 200ஐயும் சேர்த்து, 20 நாள் பேருக்கு 35,000. சேமலாப நிதி, தொழிற்சங்கச் சந்தா, தீபாவளி அட்வான்ஸ் பிடித்தது போக 32,000 கைக்கு வந்தால் பெரிய காரியம். பிறகு சோற்றுக்கு?

இன்னொன்று, குழுக்கடன் உங்களோடு நிற்காது. நீங்கள் கட்டாவிட்டால் பக்கத்துக் காம்பராக்காரியின் வாசலில் போய் நிற்பார்கள். த்ரீவீலர் ஓடுகிறவர் கொழுந்தன், தலை குனிவது நீங்களும் உங்களோடு கொழுந்து எடுக்கிற நாலு பெண்களும்.

50 இலட்சத்துக்கு வருகிறேன். டித்வாவுக்குப் பிறகு 2025 டிசம்பரில் அறிவித்தது உண்மை. முழுதாக உடைந்த வீட்டுக்கு 50 இலட்சம் வரை. "வரை" என்ற சொல்லைக் கொழுந்தன் விட்டுவிட்டார். உங்கள் லயம் தோட்டத்துக்குச் சொந்தம், உங்கள் பெயரில் காணி உறுதி இல்லை, உடைந்துவிடவும் இல்லை, ஆபத்து என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். உங்களுக்கு எந்த வகையில் என்ன கிடைக்கும் என்பதைப் பிரதேச செயலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள், கிராம சேவகரிடம் பதிவு இருக்கிறதா என்றும் பாருங்கள். அப்படிக் கிடைத்தாலும் அது பிள்ளைகள் மண்சரிவுக்குப் பயப்படாமல் தூங்குவதற்கான காசு. அதைத் த்ரீவீலருக்கு முன்கூட்டியே அடகு வைக்கச் சொல்கிறவரிடம் நான் நேரில் பேச விரும்புகிறேன்.

ஆப் விஷயம். 25,000க்கு நாளுக்கு 1,000 என்றால் 25 நாளில் போட்ட காசு கைக்கு வந்துவிடும், அதன்பிறகு எல்லாமே லாபம். அப்படி ஒன்று இருந்தால் கம்பெனிக்காரர்கள் தேயிலையைப் பிடுங்கி எறிந்துவிட்டு ஆப்பில் போட்டிருப்பார்கள், துரை பங்களாவில் படுத்துக்கொண்டே சம்பாதித்திருப்பார். முதல் பத்து நாள் காசு வரும், அதைக் காட்டித்தான் அடுத்த ஆளைப் பிடிப்பார்கள். இது பிரமிட் வேலை, சட்டத்தால் தடைசெய்யப்பட்டது. அந்த 25,000 பேங்க் புத்தகத்தில் கிடக்கட்டும்.

"கட்டாதே, தள்ளுபடி வரும்" என்று யாராவது சொன்னால் அதையும் கேட்காதீர்கள், அதுவும் இதே வியாதிதான். 2018இல் அமைச்சரவை பெண்களின் நுண்கடனை ஒரு இலட்சம் வரை தள்ளுபடி செய்தது, வட்டிக்கு 35 வீத உச்சவரம்பும் வைத்தது. ஆனால் தள்ளுபடி வறட்சி பாதித்த 12 மாவட்டங்களுக்கு. நுவரெலியாவும் பதுளையும் அந்தப் பட்டியலில் இல்லை.

என்ன செய்யலாம்? எனக்குத் தோன்றுவது உங்களுக்குப் பிடிக்காது: சங்கிலியை மீட்டு விற்றுவிடுங்கள். அடகு 90,000, வட்டி வருஷத்துக்கு 18 வீதம் என்று வைத்தால் ஒன்றரை வருஷத்துக்கு 24,000 சொச்சம், ஆக 1,14,000. குழுக்கடனில் மீதி 38 கிழமை, 95,000. இரண்டும் 2,09,000. நீங்கள் அடகு வைத்தபோது இருந்ததை விடத் தங்கம் எவ்வளவோ ஏறிவிட்டது, ஒன்றரைப் பவுனுக்குச் சேதாரம் கழித்தும் இதைவிட நன்றாகவே கூடக் கிடைக்கும். மிச்சத்தில் அரைப் பவுனில் மெல்லிசாக ஒன்று வாங்கி மகளுக்குப் போடுங்கள், அம்மா ஞாபகம் அதிலும் இருக்கும். விலை ஏறியதால் "அதே நகைக்கு இன்னும் காசு தருகிறோம், வட்டி மட்டும் கட்டுங்கள்" என்று அடகுக் கடையில் சொல்வார்கள், இப்போது அதுதான் ஃபேஷன். சிரித்துவிட்டு வெளியே வாருங்கள். குழுக்கடனை முன்னமே அடைத்தால் வட்டியில் எவ்வளவு குறைப்பார்கள் என்று எழுத்தில் கேளுங்கள்.

அப்புறம் ஒரு வழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். சம்பளம் கூடியது என்று யார் சொன்னாலும், மூன்று மாதச் சம்பளத் துண்டில் அந்தத் தொகையைக் கண்ணால் பார்க்கும்வரை அது இல்லாத காசு. அதை வைத்து எதையும் வாங்க வேண்டாம், யாருக்கும் வாக்குக் கொடுக்கவும் வேண்டாம்.

மாமிக்குக் கணக்காகவே பதில் சொல்லுங்கள். ஒரு இலட்சத்தில் 75,000 கொழுந்தன் வாங்கியது. கிழமைக்கு 2,500இல் அவர் பங்கு 1,875. 14 கிழமைக்கு 26,250 அவர் உங்களுக்குத் தர வேண்டும். நாளுக்கு 270 ரூபா, தலவாக்கலை டவுனில் ஒரு ஹயர் ஓடினால் வந்துவிடும். "முதலில் அதைக் கொண்டுவாங்க, 3 இலட்சத்தைப் பிறகு பேசுவோம்" என்று சொல்லுங்கள். சண்டை பிடிக்க வேண்டாம், துண்டில் எழுதி மாமி கையில் கொடுத்தால் போதும்.

அடகு மீட்கப் போகிற நாளில் ரசீதையும் அடையாள அட்டையையும் எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்காரர் லீவில் வருகிற நாளாகப் பார்த்து அவரோடு போங்கள். கொழுந்தனின் த்ரீவீலரில் போக வேண்டாம்.