கொண்டல் எங்கிருந்து புறப்படுகிறது?

அன்புள்ள ஐயா,

ஐப்பசி வந்தாலே எங்கள் வீட்டில் இதே பேச்சுதான். பசிபிக் கடல் சூடாகும் எல் நினோ வருஷம் என்றால் சென்னைக்கு மழை நிச்சயம் என்கிறான் என் மகன். ‘வங்கக்கடலில் தாழ்வு உருவானால் மழை, பசிபிக்குக்கும் நம்ம மொட்டைமாடிக்கும் என்ன சம்பந்தம்?’ என்கிறார் மாமியார். நடுவில் சைபீரியா வேறு அடிபடுகிறது. அவ்வளவு தூரத்துக் காற்றழுத்தம் நம் மழையை எப்படித் தீர்மானிக்கும்? 2015-ல் மார்பளவுத் தண்ணீரில் நடந்து வெளியேறியவள் நான், அதனால்தான் கேட்கிறேன்.

ஒரு வாசகி, முடிச்சூர்

அன்புள்ள சகோதரிக்கு,

எங்கள் வீட்டுத் துணிக்கொடியிலிருந்தே தொடங்குகிறேன். புரட்டாசி வரை காலையில் காயப்போட்ட வேட்டி கடல் பக்கமாகப் பறக்கும். ஐப்பசியில் ஒருநாள் அது மேற்கே திரும்பிக்கொள்ளும். மாலையில் எடுத்தாலும் ஓரம் நசநசவென்று ஈரமாக இருக்கும். வடக்கிலிருந்து வருவது வாடை, கிழக்கிலிருந்து வருவது கொண்டல் என்றார்கள் நம் முன்னோர். மழைமேகத்துக்கும் கொண்டல் என்றே பெயர்.

அந்தக் காற்றைக் கிளப்பிவிடுவதில் சைபீரியாவுக்குப் பெரிய பங்கு உண்டு. அங்கும் மங்கோலியாவிலும் இரவு நீள நீள நிலம் உறைகிறது. மேலே இருக்கும் காற்று குளிர்ந்து, கனத்து, தரையோடு அமர்கிறது. குளிர்காலத்தில் அங்கே அழுத்தம் 1040 ஹெக்டோபாஸ்கலைத் தாண்டுவது சாதாரணம். நம் கடலில் 1010-ஐ ஒட்டித்தான் இருக்கும். நேராக இறங்க விடாமல் இமயமலை மறிக்கிறது. அதனால் குளிர்காற்று சீனா வழியாகச் சுற்றித் தென்சீனக் கடலில் இறங்குகிறது. அங்கே எழும் சுழற்சிகளில் சில தாய்லாந்து வளைகுடாவையும் அந்தமான் கடலையும் தாண்டி நம் பக்கம் வந்துவிடும். 2018 நவம்பரில் வந்த கஜா அந்த வழியில் வந்ததுதான். வாடை மிஞ்சினாலும் கெடுதல். வட இந்தியாவின் வறண்ட காற்று உள்ளே புகுந்துவிட்டால், நன்றாக வளர்ந்த புயல்கூடக் கடலிலேயே மெலிந்துபோகும்.

இனி பசிபிக். 1904 முதல் 1924 வரை இந்திய வானிலைத் துறைக்குத் தலைமை வகித்த கில்பர்ட் வாக்கர் ஒரு கணித அறிஞர். பஞ்சங்களைக் கண்ட நாட்டில் பருவமழையை முன்கூட்டிச் சொல்ல வழி தேடினார். ஊர் ஊராக அழுத்தக் கணக்கைச் சேர்த்துப் பார்த்தபோது, பசிபிக்கில் அழுத்தம் ஏறினால் இந்தியப் பெருங்கடல் பக்கம் இறங்குவதும், அங்கே இறங்கினால் இங்கே ஏறுவதும் தெரியவந்தது. பசிபிக் தீவான தஹிதிக்கும் ஆஸ்திரேலியாவின் டார்வினுக்கும் உள்ள அழுத்த வேறுபாட்டை வைத்து அந்த ஊசலாட்டத்தை இன்றும் அளக்கிறார்கள். சாதாரண அழுத்தமானிக் கணக்கிலிருந்து இதைப் பிடித்தார் என்பதை நினைத்தால் எனக்கு இப்போதும் மெய்சிலிர்க்கும்.

எல் நினோவில் பசிபிக்கின் நடுவும் கிழக்கும் சூடாகி, மழைமேகங்கள் அங்கே போய்விடுகின்றன. இந்தோனேசியாவின் மேல் காற்று கீழே அமுங்கி அழுத்தம் ஏறுகிறது. அங்கிருந்து மேற்கு நோக்கித் தள்ளும் காற்று வங்கக்கடலின் ஈரத்தை நம் கரைக்குக் கூடுதலாகக் கொண்டுவருகிறது. எல் நினோ வருஷமான 2015-ல் நாட்டுக்குத் தென்மேற்குப் பருவமழை 14 சதவீதம் குறைவு. அதே வருஷம்தான் நமக்கு வெள்ளம். அடுத்த வருஷம் அதற்கு நேர்மாறான லா நினா, பலவீனமாக. போதாததற்கு, சுமத்ரா பக்கம் கடல் சூடாகி மேகங்களை அங்கே இழுத்துக்கொண்டது. டிசம்பர் 12 அன்று வர்தா சென்னையிலேயே கரையேறியும், தமிழகத்தில் வடகிழக்குப் பருவமழை 62 சதவீதம் குறைந்தது.

மகன் சொல்வது இவ்வளவு தூரம் சரி. ஆனால் ‘நிச்சயம்’ என்ற சொல்லை நான் ஏற்கமாட்டேன். 2021-ம் லா நினா வருஷம்தான். அந்த நவம்பரில் மட்டும் நுங்கம்பாக்கத்தில் மழை 1000 மி.மீட்டரைத் தாண்டியது. தூரத்து அழுத்தம் பருவம் எந்தப் பக்கம் சாயும் என்பதைச் சொல்லும். எந்த ஊரில், எந்த இரவில் கொட்டும் என்பதை வங்கக்கடலில் நிற்கும் தாழ்வும், அதன் பாதையைத் திருப்பும் மேலடுக்குக் காற்றும்தான் முடிவுசெய்யும். அந்த இடத்தில் உங்கள் மாமியார் பக்கம்தான் நான். 2015 டிசம்பர் 1-ல் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. கொட்டியதே, அதைக் கொண்டுவந்தது பெயர் வைக்கும் அளவுக்குக்கூட வளராத ஒரு தாழ்வு. ‘புயல் இல்லையாம்’ என்று கேள்விப்பட்டு நிம்மதியாகத் தூங்கப்போனவர்கள் எத்தனையோ பேர்.

எல் நினோ செய்தியை ஐப்பசிக்கு முன்பு ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள், போதும். அதன் பிறகு இரண்டு மூன்று நாள் முன்னறிவிப்புதான் முக்கியம். இன்னொன்று: செம்பரம்பாக்கம் உபரிநீர் அடையாற்றில் சேர்வது திருநீர்மலைப் பக்கம், உங்கள் ஊருக்குக் கீழே. உங்களுக்குத் தண்ணீர் வருவது ஆதனூர், மண்ணிவாக்கம் பக்கமிருந்து. டிவியில் செம்பரம்பாக்கம் மதகைக் காட்டும்வரை காத்திருக்க வேண்டாம். அந்தப் பக்கம் ஏரிகள் நிரம்பிய பிறகு கனமழை என்று அறிவித்தால், மாமியாரை முதலில் மேட்டுப் பகுதிக்கு அனுப்பிவிடுங்கள்.