நீதியையும் சமூகத்தையும் பற்றிப் பெரிய மனிதர்கள் சொன்னதில் உங்களை உலுக்கிய வாசகம் எது?

பிள்ளையின் பேச்சுப் போட்டிக்காகக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நான் சொல்லப்போவதற்கு மேடையில் கைதட்டல் கிடைக்காது. இருந்தாலும் இந்தக் கேள்வியைப் பார்த்துவிட்டுச் சும்மா போக முடியவில்லை.

1963 ஏப்ரலில், அமெரிக்காவின் அலபாமா மாநிலத்துப் பர்மிங்ஹாம் நகரில், தடையை மீறி ஊர்வலம் போனதற்காக, கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய மார்ட்டின் லூதர் கிங்கைச் சிறையில் போட்டார்கள். வெள்ளையின மதகுருமார் எட்டுப் பேர் பத்திரிகையில் ஓர் அறிக்கை விட்டார்கள். கொடியவர்கள் இல்லை, நிதானஸ்தர்கள். தெருவில் இறங்க வேண்டாம், கோர்ட்டில் பார்த்துக்கொள்ளலாம் என்கிற ரகம். கிங் அந்தச் செய்தித்தாளின் ஓரத்து வெள்ளை இடத்திலேயே பதில் எழுதத் தொடங்கினார். அதில் வருவது இது: ‘பொறு’ என்ற சொல்லைப் பல வருடமாகக் கேட்கிறோம், அதற்கு அநேகமாக எப்போதும் ‘கிடையவே கிடையாது’ என்றுதான் அர்த்தம்.

டிவி விளம்பரத்தில் பார்த்த பூங்காவுக்குக் கூட்டிப்போகச் சொல்கிற ஆறு வயது மகளிடம், கறுப்பினக் குழந்தைகளை அங்கே விடமாட்டார்கள் என்று சொல்லும்போது நாக்கு குழறுவதையும் அதே கடிதத்தில் எழுதியிருக்கிறார். எனக்கு அந்த இடத்தைத் தாண்டவே நேரமாயிற்று.

‘மிகத் தாமதமான நீதி மறுக்கப்பட்ட நீதி’ என்பதும் அதில் உண்டு. அது அவர் சொந்தச் சரக்கல்ல. ஒரு சட்ட மேதை சொன்னது என்று அவரே எழுதுகிறார். நம் ஊரில் யார் எதைச் சொன்னாலும் கலாம் படத்தைப் போட்டுக் காலை வணக்கத்தோடு குடும்பக் குழுவில் அனுப்பிவிடுகிறார்கள். கேட்டால் “நல்ல கருத்துதானே தம்பி” என்கிறார் சித்தப்பா. சரி, அதை விடுங்கள்.

இந்தக் கடிதத்தை நான் படித்தது ஒரு முன்சீப் கோர்ட் வராந்தாவில், மொபைலில். எங்கள் வயலுக்குப் போகும் வண்டிப்பாதையைப் பக்கத்துக் காட்டுக்காரர் 2003இல் வேலி போட்டு அடைத்தார். அப்பா வழக்குப் போட்டார். வாய்தா, வாய்தா, வாய்தா. எதிர்த்தரப்பு வக்கீலுக்கு உடம்பு சரியில்லை, நீதிபதி மாறுதலாகிவிட்டார், கேஸ் கட்டைக் காணவில்லை. ஒவ்வொரு தடவையும் அப்பா மடிப்பு வேட்டியும் மஞ்சள் பையுமாகக் காலை ஏழு மணி பஸ்ஸைப் பிடிப்பார். டவாலி பேர் சொல்லிக் கூப்பிட்டதும் எழுந்து கும்பிடுவார். அடுத்த தேதியோடு திரும்புவார். அதை வீட்டுக் காலண்டரின் ஓரத்தில் பென்சிலால் குறித்து வைப்பார்.

2014இல் இறந்துபோனார். அவர் குறித்து வைத்திருந்த அடுத்த வாய்தா பதினோராம் நாளில் விழுந்தது. அப்புறம் வாரிசுகளைச் சேர்க்க ஒரு மனு, அதற்கு ஒரு வருடம்.

கறுப்பின மக்கள் பட்ட பாட்டையும் எங்கள் வண்டிப்பாதையையும் ஒரே தராசில் வைக்கிறான் என்று யாரும் கம்பைத் தூக்கிக்கொண்டு வர வேண்டாம். வைக்கவில்லை. நீதிபதிகளையும் குறை சொல்லவில்லை. அவர்கள் மேஜையில் குவிந்திருந்த கட்டுகளை நானே பார்த்தேன். ஆனால் “பொறுங்க, நியாயம் உங்க பக்கம்” என்று எங்களுக்குச் சொன்னவர்கள் எல்லோரும் நல்லவர்களாகவே இருந்தார்கள். அந்த எட்டுப் பேர் எனக்கு அதனால்தான் மறப்பதில்லை.

2017இல் எங்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. அவர்கள் சப் கோர்ட்டுக்கு அப்பீல் போனார்கள். 2021இல் அதுவும் தள்ளுபடி. இப்போது தீர்ப்பை அமல்படுத்தக் கேட்கும் நிறைவேற்று மனு நடக்கிறது. பாதையில் அவர்கள் வைத்த தென்னங்கன்றுகள் காய்க்கத் தொடங்கிவிட்டன. அளந்து காட்ட வந்த அமீனாவுக்கு அதிலிருந்துதான் இளநீர் வெட்டிக் கொடுத்தார்கள். எனக்கும் ஒன்று நீட்டினார்கள். வெயில் அதிகம், வாங்கிக் குடித்துவிட்டேன்.