நகைக்கடை மெசினில் வைத்த காப்பில் கதிர்வீச்சு தங்குமா?

கல்முனையில் ஒரு நகைக்கடையில் அம்மாவின் காப்பை உரைகல்லில் உரசாமல், ஒரு பெட்டிக்குள் வைத்துப் பார்த்து 22 கரட் என்றார்களாம்; அந்தக் கதிர் காப்பில் தங்குமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

தங்காது. அந்தப் பெட்டி நகைமேல் எக்ஸ்ரே பாய்ச்சிப் பார்க்கும் மெசின்; அதை நிறுத்தியதும் எக்ஸ்ரேயும் நின்றுவிடும். தாராளமாகப் போடட்டும்.

உள்ளே நடப்பதுதான் சுவாரசியம். எக்ஸ்ரே பட்டதும் அணுவின் உள்வட்டத்து இலத்திரன் ஒன்று தெறித்துப் போகும். வெளிவட்டத்திலிருந்து இன்னொன்று அந்த இடத்துக்கு இறங்கும்போது, மிஞ்சும் சக்தி புதிய எக்ஸ்ரேயாக வெளிவரும். அந்த எக்ஸ்ரேயின் சக்தி உலோகத்துக்கு உலோகம் வேறு: தங்கத்துக்கு 9.7, செம்புக்கு 8, வெள்ளிக்கு 22 கிலோ இலத்திரன் வோல்ட் (இந்தச் சக்தியை அளக்கும் அலகு). எது எவ்வளவு வருகிறது என்று எண்ணித்தான் மெசின் வீதம் சொல்கிறது. தங்கம் 91.6 வீதம் என்றால் 22 கரட்.

ஆனால் அது பார்ப்பது மேல்தோலை மட்டும். தலைமயிரின் தடிப்பளவுகூட உள்ளே போகாது. தடிப்பாக முலாம் பூசிய பித்தளையும் அதை ஏய்த்துவிடும். பற்றவைத்த இடத்தில் வைத்தாலோ நல்ல நகைக்கும் கரட் குறைத்துக் காட்டும். காப்பைப் புரட்டி மூன்று நாலு இடத்தில் பார்க்கச் சொல்லுங்கள், கடைக்காரர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை.