பெரிய இலக்கைச் சிறு சிறு வேலைகளாகப் பிரித்துக்கொள்வது எப்படி?

ஜவுளிக்கடை ஒன்றில் கணக்கு எழுதிக்கொண்டே தமிழ்நாடு அரசுப் பணிக்கான டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வுக்குப் படித்தவள் நான். அந்த அனுபவத்தைக் கொண்டே இக்கேள்விக்குப் பதில் சொல்கிறேன்.

முதல் முறை நான் பிரித்தது நேரத்தை மட்டுமே; இலக்கைப் பிரிக்கவில்லை. அதிகாலை 4 முதல் 6 வரை பொது அறிவு, இரவு 9 முதல் 11 வரை கணக்கு என்று அட்டவணை எழுதிச் சுவரில் ஒட்டினேன். இரண்டு மணி நேரம் புத்தகத்தின் முன் உட்கார்ந்து எழுந்தாலும், எதைப் படித்து முடித்தோம் என்று சொல்லத் தெரியாது. தீபாவளி வியாபாரம் சூடுபிடித்து, வீடு திரும்பவே பத்தரை மணி ஆகத் தொடங்கியதும் அட்டவணை குலைந்தது. விட்டுப்போன நாள்களின் பாரமும் சேர்ந்துகொள்ள, புத்தகத்தைத் தொடவே மனம் வரவில்லை.

அடுத்த முறை வினாத்தாளின் அமைப்பிலிருந்து தொடங்கினேன். மொத்தம் 200 வினாக்கள், 300 மதிப்பெண்கள். அவற்றில் தமிழ் 100, பொது அறிவு 75, திறனறிவுக் கணக்கு 25. தமிழில் 150க்கு 60 மதிப்பெண் பெறாவிட்டால் மற்ற பகுதி திருத்தப்படுவதே இல்லை என்பதால், தமிழே என் முதல் வேலை ஆயிற்று. ஆறாம் வகுப்புப் பாடநூலைத் திறந்து, ஒரு நாளைக்கு ஒரு செய்யுள், அதன் சொல்லும் பொருளும், அதற்குரிய நூல்வெளி (நூலையும் ஆசிரியரையும் பற்றிய சிறு குறிப்பு), பின்னாலுள்ள மதிப்பீட்டு வினாக்கள், இவ்வளவுதான் என்று வரையறுத்துக்கொண்டேன். முடிந்ததா இல்லையா என்பது படுக்கப்போகும்போது ஐயமின்றித் தெரியவேண்டும். என்னைப் பொறுத்தவரை, அப்படித் தெரிந்தால்தான் அது ஒரு படி.

கணக்கில் இன்னும் நுணுக்கமாகப் பிரிக்க வேண்டியிருந்தது. "தனிவட்டி படிக்க வேண்டும்" என்பதுகூட எனக்குப் பெரிய வேலையாகவே இருந்தது. ஆகவே முதல் நாள் வட்டி காண்பது, மறுநாள் அசல் காண்பது, மூன்றாம் நாள் வட்டி வீதமும் ஆண்டுகளும் காண்பது என்று பிரித்தேன். எட்டு விழுக்காடு தனிவட்டியில் ஒரு தொகை எத்தனை ஆண்டுகளில் இரு மடங்காகும் என்ற கணக்கில், இரு மடங்குத் தொகை முழுவதையும் வட்டியாக எடுத்துக்கொண்டு 25 ஆண்டுகள் என்றே விடை எழுதிக்கொண்டிருந்தேன். அசலுக்குச் சமமான தொகை மட்டுமே வட்டி என்பது விளங்கி, பன்னிரண்டரை ஆண்டுகள் என்ற விடை கிடைக்க ஒரு நாள் முழுவதும் போயிற்று. அந்த நாளை வீண் என்று நான் கருதவில்லை. வேலையைச் சிறிதாக நறுக்கியிருந்ததால்தான், எந்த இடத்தில் தடுக்குகிறேன் என்பது கண்ணுக்குத் தெரிந்தது.

உடல் மிகவும் அசந்திருக்கும் நாளிலும் செய்யக்கூடிய அளவை முதலிலேயே தீர்மானித்துவிடுங்கள். எனக்கு அது நூல்வெளியின் ஒரு பத்தி. விட்டுப்போனதை மறுநாள் கணக்கில் கூட்டாமல், பட்டியலை ஒரு நாள் தள்ளி வைத்தேன். தேர்வு அறிவிக்கை வந்த நாளில் எட்டாம் வகுப்புத் தமிழ் வரை முடித்திருந்தேன். மீதமிருந்த ஒன்பது, பத்தாம் வகுப்பு நூல்களை அதே அளவில் நாள்களுக்குப் பங்கிட்டுக்கொண்டேன்.