உழுதவர் கொண்டுவந்த சட்டம்

அன்புள்ள அண்ணா,

நான் திண்டிவனம் பக்கத்துக்காரன், சிங்கப்பூரில் துவாஸில் வேலை. தங்கும் விடுதியில் பேச்சுவாக்கில், எங்கள் பக்கத்து ஓமந்தூர் விவசாயி ஒருவர்தான் சுதந்திரம் வந்தபோது சென்னை மாகாணத்தை ஆண்டார் என்றேன். “எல்லா அரசியல்வாதியும் விவசாயி என்றுதான் சொல்லிக்கொள்கிறான், இதில் என்ன பெருமை” என்றார் அறை நண்பர். எனக்குப் பதில் வரவில்லை. நீங்கள் சொல்லுங்கள்.

அன்புடன்,
ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

அவருடைய எளிமையைப் பற்றிய கதைகளைச் சொல்லி உங்கள் நண்பரை மடக்க வேண்டாம். ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் பதவியில் இருந்தது 1947 மார்ச்சிலிருந்து 1949 ஏப்ரல் வரை, இரண்டே வருஷம். அதற்குள் ஆலய நுழைவுச் சட்டம் வந்தது, முத்துலட்சுமி ரெட்டி வருஷக்கணக்காகப் போராடிய தேவதாசி ஒழிப்புச் சட்டமும் வந்தது. ஆனால் ஓமந்தூரார் உழவர் என்பது எனக்குத் தெரிவது 1948-ன் ஜமீன் ஒழிப்புச் சட்டத்தில்தான். ஜமீன் பகுதிகளில் உழுகிறவனுக்கும் சர்க்காருக்கும் நடுவில் ஜமீன்தார் நின்று வசூலித்துக்கொண்டிருந்தார், அவருக்கு நஷ்டஈடு கொடுத்து விலக்கிவிட்டு, உழுகிறவனே நேராக சர்க்காருக்குத் தீர்வை கட்டும் ரயத்துவாரி முறைக்கு நிலத்தைக் கொண்டுவந்து, குடியானவன் பெயருக்கே பட்டா கிடைக்க அந்தச் சட்டம் வழி செய்தது.

என் தாத்தா தென்மாவட்டத்தில் ஒரு ஜமீன் கிராமத்துக் குடியானவர். மழை பொய்த்த ஒரு வருஷம் தீர்வை கட்ட முடியாமல் நிலத்தை விட்டுவிட்டுக் கப்பலேறி இங்கே வந்து துறைமுகத்தில் மூட்டை தூக்கினார். ஊரிலேயே இருந்த அவர் தம்பிக்குப் பின்னாளில் பட்டா கிடைத்தது. அதன் நகலை என் அப்பா தெம்பனீஸ் வீட்டில் பாஸ்போர்ட்டோடு சேர்த்துப் பத்திரமாக வைத்திருந்தார். எங்களுக்கு அதில் ஒரு சென்ட் நிலம்கூடக் கிடையாது, ஆனாலும் வைத்திருந்தார்.

ஓமந்தூராரிடம் குறையே இல்லை என்று சொல்லமாட்டேன். 1948-ல் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கியதும் அவர் அரசுதான், அதை என்னால் ஏற்க முடியாது. சொந்தக் கட்சிக்குள்ளேயே எதிர்ப்பு வலுத்தபோது பதவியை விட்டார். அப்புறம் வடலூருக்குப் போய், வள்ளலார் வழியில் ஆதரவற்ற பிள்ளைகளுக்கு இல்லம், பள்ளி என்று கடைசிவரை அங்கேயே உழைத்தார். 1970-ல் காலமானார்.

சரி, உங்கள் நண்பருக்கு எந்த ஊர்? ஜமீன் ஊர் என்றால், வீட்டில் இருக்கும் மிகப் பழைய பட்டா யார் பெயரில், எந்த வருஷம் வந்தது என்று அவர் அப்பாவிடம் கேட்கச் சொல்லுங்கள்.