107 புள்ளி எடுத்தும் நாட்ஸ் கவுன்ட்டிக்கு ஏன் நேரடி ஏற்றம் கிடைக்கவில்லை?

இங்கிலாந்துக் கால்பந்தின் ஐந்தாம் அடுக்கான நேஷனல் லீக்கிலிருந்து அப்போது நேரடியாக மேலே போகும் இடம் ஒன்றே ஒன்றுதான். 2022-23 சீசனில் அதை 111 புள்ளிகளுடன் ரெக்ஸாம் தட்டிச் சென்றது. நாட்ஸ் கவுன்ட்டி 46 ஆட்டங்களில் தோற்றது வெறும் மூன்று. அடித்த கோல்கள் 117, அதில் 42 மக்காலே லாங்ஸ்டாஃப் ஒருவரே போட்டவை. அதற்கு முந்தைய எந்த ஆண்டாக இருந்தாலும் கோப்பை அவர்களுடையதுதான்.

திருப்பம் ஏப்ரல் 10-ல். ரெக்ஸாம் மைதானத்தில் 3-2 என்று பின்தங்கியிருந்தபோது, கூடுதல் நிமிடங்களில் கவுன்ட்டிக்குப் பெனால்டி கிடைத்தது. செட்வின் ஸ்காட் அடித்ததை, ஓய்விலிருந்து திரும்பி வந்திருந்த கோல்கீப்பர் பென் ஃபாஸ்டர் தடுத்துவிட்டார். அவருக்கு அப்போது வயது 40!

பிறகு பிளே-ஆஃப், அதாவது அடுத்த இடங்களில் முடித்த அணிகள் இன்னொரு ஏற்ற இடத்துக்காக மோதும் நாக்-அவுட் சுற்று. அரையிறுதியில் போரம் வுட்டிடம் 0-2 என்று பின்தங்கி, கூடுதல் நேரத்தின் கடைசியில் 3-2 என்று தப்பித்தார்கள். நெஞ்சுவலிக்காரர்கள் பார்க்கக் கூடாத ஆட்டம். மே 13 அன்று வெம்ப்ளியில் செஸ்டர்ஃபீல்டுடன் 2-2. பெனால்டியில் 4-3 என வென்று நான்காம் அடுக்குக்குத் திரும்பினார்கள். வெற்றிக்கான கடைசி உதையை அடித்தவர் அதே ஸ்காட்.

107 எடுத்த அணியைப் பிளே-ஆஃபுக்கு அனுப்பிய விதி, என் பார்வையில், அநியாயம்தான்.