ரேமன் ஜங்கிள் ரன் மாதிரி கலர்கலரான மொபைல் பிளாட்ஃபார்ம் விளையாட்டுகளில் அப்படி என்ன ஈர்ப்பு?

2013-இல் பைக்கிலிருந்து விழுந்து இடது மணிக்கட்டு எலும்பு முறிந்தது. மாவுக்கட்டோடு ஆறு வாரம் வீட்டில் இருந்தேன். ஒரே கையால் புத்தகத்தைப் பிடித்துப் பக்கம் புரட்டுவது பெரும்பாடு. அப்போது அக்கா மகன், ஆறு வயது, அவர்கள் வீட்டு டேப்லெட்டைக் கொண்டுவந்து என் மடியில் வைத்து, "மாமா, இதுக்கு ஒரு விரல் போதும், நீ விளையாடலாம்" என்றான். திரையில் ஓடிக்கொண்டிருந்தது ரேமன் ஜங்கிள் ரன். ரேமன் என்ற பாத்திரம் பள்ளத்தையும் முள்ளையும் தாண்டி, மேடைக்கு மேடை குதித்து ஓடும்; இந்த வகையைத்தான் பிளாட்ஃபார்ம் விளையாட்டு என்கிறார்கள். அதுவரை மொபைல் கேம் என்றாலே நேரத்தைக் கரைக்கிற சமாச்சாரம் என்று ஒதுக்கி வைத்திருந்தவன் நான். அந்த ஆறு வாரத்தில் அந்த எண்ணம் போய்விட்டது.

பையனுக்கு அப்போது இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. மெனுவில் எழுதியிருக்கும் எதுவும் அவனுக்குப் புரியாது. ஆனாலும் எங்கே குதிக்க வேண்டும், எதைத் தொடக் கூடாது என்பதில் அவனுக்குக் கொஞ்சமும் குழப்பம் வரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து "இப்ப அமுக்கு, இப்ப விடு" என்று எனக்குச் சொல்லிக்கொண்டே வந்தான். அவன் எதைப் பார்த்துச் சொல்கிறான் என்று கவனிக்கத் தொடங்கியபோதுதான் எனக்கு ஒன்று விளங்கியது. இந்த விளையாட்டில் நிறம் அழகுக்காகப் பூசியது அல்ல. நாம் படிக்க வேண்டிய எழுத்தே அதுதான்.

இந்த விளையாட்டில் லம் என்று மஞ்சளாக மினுங்கும் குட்டி உயிர்கள் வழியெங்கும் மிதக்கும். ஒரு லெவலுக்குச் சரியாக 100. அவற்றைச் சும்மா இறைத்து வைக்கவில்லை. பள்ளத்துக்கு மேல் வில் மாதிரி வளைந்து நிற்கும் லம் வரிசையைப் பாருங்கள்: அந்த இடத்தில் குதித்தால் ரேமனின் உடம்பு எந்தக் கோட்டில் எழுந்து எந்தக் கோட்டில் இறங்குமோ, அந்தக் கோட்டையே மஞ்சளால் போட்டுக் காட்டியிருப்பார்கள். வரிசை எங்கே தொடங்குகிறதோ அங்கே விரலை வைக்க வேண்டும். கோலத்துக்குப் புள்ளி வைத்துக் கொடுத்த மாதிரி. கோட்டை இழுக்க வேண்டியது மட்டும் நம் வேலை.

பின்னணியும் அப்படித்தான். தென்காசிப் பக்கம் பஸ்ஸில் போகும்போது கிட்டத்து மரம் அடர்பச்சையாக விர்ரென்று ஓடும், அதற்குப் பின்னால் மலை நீலமாக மெதுவாக நகரும், கடைசி மலை சாம்பல் நிறத்தில் அசையாமல் நிற்கும் அல்லவா? அதே கணக்கில் படங்களை அடுக்கடுக்காக வைத்திருக்கிறார்கள். தூரத்துக் காடு வெளுத்து, மங்கி, மெதுவாக நகர்கிறது. கால் வைக்கும் தரை மட்டும் தெளிவாக, அழுத்தமாக முன்னால் வருகிறது. முள்ளும் பூச்சியும் நிறத்தில் மட்டுமல்லாமல் உருவத்திலும் வேறுபட்டு நிற்கும். நிறத்தை மட்டும் நம்பியிருந்தால் நிறக்குருடு உள்ளவர்களுக்கு இந்த விளையாட்டு சுவராகிவிடும்; உருவத்தையும் சேர்த்துக் கொண்டது நல்ல முடிவு. கையகலத் திரையில் இத்தனை நிறம் கொட்டியும் கண் குழம்பாமல் இருப்பது இந்த அடுக்கினால்தான்.

இது தற்செயல் இல்லை. ரேமன் முதலில் வந்தது 1995-இல். உருவாக்கியவர் பிரான்சைச் சேர்ந்த மிஷேல் ஆன்செல். ரேமனுக்குக் கை கால் எலும்பே கிடையாது. உள்ளங்கையும் காலணியும் தலையும் உடம்பும் தனித்தனியாக மிதக்கும். அதனால் உருவம் எவ்வளவு சிறிதானாலும், கை எங்கே கால் எங்கே என்று தேட வேண்டியதில்லை. 2011-இல் பெரிய திரைக்காக ரேமன் ஆரிஜின்ஸ் வந்தது. ஓவியர் கையால் வரைந்ததை அப்படியே விளையாட்டுக்குள் கொண்டுவருவதற்கென்று யூபிஆர்ட் என்ற கருவியை, ரேமன் விளையாட்டுகளை வெளியிடும் யூபிசாஃப்ட் நிறுவனம் அதற்காகச் செய்திருந்தது. அதே கருவியை வைத்து பாஸ்தாகேம்ஸ் என்ற சிறிய பிரெஞ்சு நிறுவனம் 2012-இல் போனுக்காகச் செய்ததுதான் ஜங்கிள் ரன். அந்த ஆண்டு ஆப்பிளின் ஆப் ஸ்டோர், ஐபோனுக்கான ஆண்டின் சிறந்த விளையாட்டாக அதைத்தான் தேர்ந்தெடுத்தது.

பாஸ்தாகேம்ஸ் எடுத்த பெரிய முடிவு, ரேமனைத் தானாக ஓடவிட்டது. கண்ணாடித் திரையில் வரைந்த பொத்தானுக்கு மேடு பள்ளம் கிடையாது. கட்டைவிரல் எங்கே இருக்கிறது என்று தடவிப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது, போதாததற்கு அந்த விரலே பாதிப் படத்தை மறைக்கும். பழைய பிளாட்ஃபார்ம் விளையாட்டுகளை அப்படியே போனுக்குக் கொண்டுவந்தபோது பல இங்கேதான் விழுந்தன. ஜங்கிள் ரன்னில் ஓடுவது அவன் பாடு, எப்போது என்பது மட்டும் நம் பாடு. முதலில் குதிப்பது மட்டும். அடுத்த உலகத்தில், அதாவது லெவல்களின் அடுத்த தொகுப்பில், அவன் தலைமுடியைச் சுழற்றிக் காற்றில் மிதப்பது சேரும். பிறகு சுவரில் ஓடுவது, பிறகு குத்துவிடுவது. நான்கே வித்தைகளை வைத்து, வெளிவந்தபோது 40 லெவல். பெரும்பாலானவை ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். இறந்தால் உடனே முதலிலிருந்து தொடங்கும். காத்திருக்க வைப்பதும் இல்லை, விளம்பரமும் இல்லை. அப்போது ஒருமுறை காசு கொடுத்து வாங்கினால் முடிந்தது.

நிறமே இல்லாமலும் இது முடியாதா என்று நீங்கள் கேட்கலாம். முடியும். 2009-இல் ஆடம் சால்ட்ஸ்மன் செய்த கேனபால்ட் முழுக்கச் சாம்பல் நிறம். ஒருவன் கூரை கூரையாகத் தாவி ஓடுவான், தட்டினால் குதிப்பான். அருமையான விளையாட்டு, எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் அதில் வழியை ஒவ்வொரு முறையும் கணினி புதிதாகப் போடுகிறது. அடுத்து வருவதைப் பார்த்துச் சமாளிப்பதுதான் அங்கே ஆட்டம். ரேமனில் ஒவ்வொரு கல்லையும் ஒவ்வொரு லம்மையும் ஒரு மனிதர் யோசித்து வைத்திருக்கிறார். பத்தாவது முறை ஓடும்போது, இங்கே நான் தவறுவேன் என்று அவருக்கு முன்பே தெரிந்திருக்கிறது என்பது புரியும். பாட்டை மனப்பாடம் செய்வது போல விரலுக்கு லெவல் மனப்பாடமாகும். கேனபால்ட்டின் சாம்பல் நிறம் ஓட்டத்தின் பயத்தைத் தருகிறது. ரேமனின் நிறங்கள், எனக்கு முன்னால் இந்த வழியில் ஒருவர் நடந்து பார்த்திருக்கிறார் என்ற நம்பிக்கையைத் தருகின்றன.

சூப்பர் மாரியோ ரன் (ஐபோனில் டிசம்பர் 2016, ஆண்ட்ராய்டில் அடுத்த மார்ச்) என்ற, இதே மாதிரி தானாக ஓடும் விளையாட்டு, இன்னொரு விதமாக நிறத்தைப் பயன்படுத்துகிறது. வெளிவந்தபோது இருந்த 24 லெவலிலும் ஐந்து இளஞ்சிவப்புக் காசுகள். ஐந்தையும் எடுத்துவிட்டால் அதே லெவலில் ஊதாக் காசுகள் வேறு இடங்களில் வரும். அதையும் முடித்தால் கறுப்பு. இடம் ஒன்றுதான், காசின் நிறம் மாறியதும் வேறு வழியாக ஓட வேண்டியிருக்கும். நான் கறுப்பு முழுவதையும் முடிக்கவில்லை. ஊதா வரை வந்தாலே அந்த லெவலைக் கட்டியவர்களின் கெட்டிக்காரத்தனம் தெரிந்துவிடும்.

ஆனாலும் எனக்கு ரேமன்தான் நெருக்கம். ஒரு லெவலில் 100 லம்மும் சேர்த்தால் ஒரு பல் கிடைக்கும். பற்கள் சேர்ந்தால் இறந்தவர் உலகத்துக்கு வழி திறக்கும், அங்கேதான் உண்மையான கஷ்டம். மாவுக்கட்டு பிரிக்க இரண்டு நாள் இருக்கும்போது ஒரு சுவரோட்ட லெவலில் 99-இலேயே நின்றுகொண்டிருந்தேன். ஓடிக்கொண்டே இருப்பதால் விட்டதை எடுக்கத் திரும்பிப் போக வழியில்லை. எது விடுபடுகிறது என்றே தெரியவில்லை. பையன் என் தோளில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "மாமா, நீ கீழ இருக்கிற மஞ்சளையே பாக்கிற. மேல ஒண்ணு தனியா இருக்கு பாரு" என்றான்.

இருந்தது. அடுத்த ஓட்டத்தில் அரை நொடி தாமதமாகக் குதித்து எடுத்தேன்.